எத்தனை மின்மினி, எத்தனை நிமிடம்

மின்மினியைப் படம் பிடிக்க ஆசைப்பட்டு வரும் இளம்பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "ஷட்டரை எவ்வளவு நேரம் திறந்து வைக்கவேணும், அண்ணை?" என்பதுதான். பத்துச் செக்கனுக்குப் பதில் முப்பது செக்கன் திறந்து வைத்தால் மின்மினி மூன்று மடங்கு வெளிச்சமாக விழும் என்று நினைக்கிறார்கள். விழாது. எங்கள் பக்கத்து மின்மினி ஒருமுறை மின்னி அணைவது அரைச் செக்கனுக்குள் முடிந்துவிடுகிறது. அந்தப் புள்ளி எவ்வளவு அழுத்தமாகப் பதியும் என்பதை லென்ஸின் துவாரமும் ஐஎஸ்ஓவுமே தீர்மானிக்கின்றன. பூச்சி அணைந்த பிறகு ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்து கிடந்தாலும் அந்தப் புள்ளிக்கு ஒரு துளி வெளிச்சமும் கூடாது. நேரம் கூட்டுவது வேறு இரண்டை. ஒன்று, புள்ளிகளின் எண்ணிக்கை. மற்றது, பின்னால் நிற்கும் வானத்தின் வெளிச்சம். முதலாவது வேண்டும், இரண்டாவது வேண்டாம். இந்தத் தொழிலின் பாடு முழுவதும் இந்த இரண்டையும் பிரித்தெடுப்பதில் இருக்கிறது.

நான் திருகோணமலை நகரில் கலியாண வீடும் சாமத்திய வீடும் படம் எடுத்துப் பிழைக்கிறவன். அங்கே வேலையே வெளிச்சத்தைக் கொண்டுபோய்க் கொட்டுவதுதான். மின்மினிக்கு எந்த வெளிச்சத்தையும் கொண்டுபோகக் கூடாது. அதைவிடக் கடினம், ஏற்கெனவே வெளிச்சம் இல்லாத ஓர் இடத்தைக் கண்டுபிடிப்பது. உள்துறைமுகத்தில் கடற்படைத் தளம், நங்கூரமிட்ட கப்பல்கள், சீனக்குடாவில் மா ஆலை, விமானத்தளம், சீமெந்துத் தொழிற்சாலை என்று கரையில் பாதி விடிய விடிய எரிகிறது. மாரியில் மேகம் தாழ்ந்து நிற்கிற இரவுகளில் அந்த வெளிச்சம் மேகத்தில் பட்டு மைல் கணக்கில் பரவும். கண்ணுக்கு அது தெரிவதில்லை. இருபது செக்கன் திறந்து கிடக்கும் கமராவுக்கு நன்றாகவே தெரியும். சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் காடு நல்ல இருட்டுத்தான். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் தாக்கிய அந்த வளாகத்துக்குள் இரவில் ட்ரைபொட்டைத் தூக்கிக்கொண்டு கண்டபடி நுழைய முடியாது. இது கடற்படை நகரம். இரவில் கமராவோடு துறைமுகத்தின் எந்தக் கரையில் நின்றாலும் காவலில் இருப்பவருக்குப் பதில் சொல்லவேண்டிவரும். பகலிலேயே போய்ச் சொல்லி, என்ன எடுக்கிறேன் என்று பழைய படங்களைக் காட்டி, உடன்பாடு வாங்கிக்கொள்வது எனக்கு வழக்கம். மின்மினிப் படத்தைப் பார்த்த காவலர் எவரும் இதுவரை முகம் மாறாமல் இருந்ததில்லை. தங்கள் ஊர்ப் பூச்சியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

ஆகவே தம்பலகாமம். கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் விளையும் வயல்வெளி. ஆதிகோணநாயகர் கோயிலைச் சுற்றி வரம்பும் வாய்க்காலுமாக விரிந்து கிடக்கிறது. துறைமுகத்துக்குத் தென்மேற்கே இருப்பதால், நகரத்துக்கு முதுகைக் காட்டி மேற்கே பார்த்து நின்றால் கமராவுக்கு முன்னால் பெரும்பாலும் இருட்டுத்தான். வாய்க்கால் ஓரத்து மருத மரங்கள் பின்னணிக்கு உருவம் கொடுக்கும். ஐப்பசியில் வாடை மழை விழுந்து, பெரும்போகத்துக்கு நிலம் நனைந்து ஊறிய பிறகு மின்மினி கூடுகிறது. அதன் புழு ஈர மண்ணில் வாழ்கிறது, நத்தையைக் கடித்து நஞ்சு ஏற்றித் தின்கிறது. பறக்கிற பூச்சியின் ஆயுள் சில கிழமைகள்தான். புழுவாகக் கழிகிற காலம் அதைவிட எத்தனையோ மடங்கு. இந்த மண்ணில் மாதக்கணக்கில் நடந்த காரியத்தின் கடைசிச் சில நாட்களை மட்டுமே நாங்கள் கமராவைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறோம். வரம்பில் களைநாசினி அடித்த இடமும் அடிக்காத இடமும் இரவில் எனக்குத் தனித்தனியாகத் தெரியும்.

வயலுக்கு நான் தனியே போவதில்லை. யானை வரும் இடம். காவல் கொட்டிலில் இருக்கும் முதியவர் ஒருவரோடுதான் போவேன். "தம்பி, நாய் குரைக்கிற சத்தம் மாறினா கமராவ விட்டிட்டு எழும்பி வாங்கோ" என்பார். "சரி ஐயா" என்பேன். அந்தச் சத்தம் எப்படி மாறும் என்று அவருக்குத்தான் தெரியும். அவர் சொல்லி எழும்பிய இரவுகள் உண்டு. முழங்கால் வரை பூட்ஸ், கையில் தடி. புடையன் பாம்பு வரம்பில்தான் படுக்கும். நுளம்புக்கு நீளக் கைச்சட்டை மட்டும் போடுகிறேன். பூச்சி விரட்டும் மருந்தைப் பூசிக்கொண்டு பூச்சியைப் படம் எடுக்கப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. நுளம்புச் சுருளும் கொளுத்துவதில்லை.

சூரியன் விழுவதற்கு முன்பே ட்ரைபொட்டை ஊன்றிவிட வேண்டும். சேற்று நிலத்தில் அதன் கால்கள் அரை மணி நேரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இறங்கும். ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வைத்தால் இறங்காது. வெளிச்சம் இருக்கும்போதே ஒரு மரத்தைப் பார்த்துக் கையால் ஃபோகஸ் செய்து, வளையத்தை டேப் போட்டு ஒட்டிவிடுவேன். இருட்டிய பிறகு கமரா தானாகச் செய்யும் ஃபோகஸை நம்ப முடியாது. டோர்ச் அடித்துச் செய்தால் அந்த இடத்து மின்மினி சில நிமிடங்களுக்கு மின்னாது. கமராவின் முதுகில் மினுக்கும் சின்னஞ்சிறு சிவப்பு விளக்கின் மேலும் கறுப்பு டேப். படம் எடுத்ததும் திரையில் காட்டும் வசதியை நிறுத்தி வைக்க வேண்டும். பார்த்தே ஆகவேண்டும் என்றால் சாரத்தால் தலையை மூடிக்கொண்டு பார்க்கலாம்.

எங்கள் அகலக்கோட்டில் அந்தி சுருக்கு. சூரியன் விழுந்து ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் வானம் முற்றாக இருண்டுவிடும். இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் வானம் கடும் நீலமாக இருக்கும்போது பின்னணிக்கு ஒரு படம் எடுத்து வைப்பேன். மரத்தின் உருவமும் வாய்க்காலின் மினுக்கமும் அதில் வந்துவிடும். அதற்குப் பிறகு கமராவைத் தொடுவதில்லை. முதல் மின்மினி புல்லிலிருந்து எழும்பும்போது ரிமோட்டை அழுத்திப் பூட்டிவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொள்வேன். எஃப் 2 துவாரம், ஐஎஸ்ஓ 1600 அல்லது 3200, ஒவ்வொன்றும் இருபது செக்கன், இடைவெளி இல்லாமல் தொடர்ந்து. கமராவில் நீண்ட எக்ஸ்போசருக்கென்று இரைச்சல் குறைக்கும் வசதி ஒன்று உண்டு. அதைக் கட்டாயம் அணைத்து வைக்க வேண்டும். அது ஒவ்வொரு படத்துக்கும் பிறகு அதே அளவு நேரம் ஷட்டரை மூடி வைத்து இன்னொரு படம் எடுக்கும். இரவில் பாதி அதற்கே போய்விடும்.

ஒரே படமாக அரை மணி நேரம் திறந்து வைத்தால் என்ன என்று கேட்கலாம். துறைமுகத்துக்கு இவ்வளவு அருகில், அரை மணி நேரத்தில் வானம் பகல்போல் வெளுத்து மின்மினியை விழுங்கிவிடும். சிறு சிறு துண்டாக எடுத்துப் பிறகு கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், ஒவ்வொரு இடத்திலும் எந்தப் படத்தில் வெளிச்சம் அதிகமோ அதையே வைத்துக்கொள்ளச் சொல்லலாம். வானம் எல்லாப் படத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் அது கூடாது. மின்மினிப் புள்ளி ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு இடத்தில் என்பதால் அவை எல்லாம் சேரும். வானத்தையும் பூச்சியையும் பிரிக்கிற வழி இதுதான். இன்னொரு பயனும் உண்டு. கொழும்புக்குப் போகிற இரவு ரயில் தம்பலகாமத்தைக் கடக்கும்போது அதன் முன்விளக்கு வயல் முழுவதையும் தடவிப் போகும். ஒரே நீண்ட படம் என்றால் அன்றைய இரவு அதோடு முடிந்தது. அடுக்குகிற முறையில் அந்த ஒன்றிரண்டு துண்டை மட்டும் எடுத்து எறிந்துவிடலாம்.

இந்த முறையின் வல்லமையைத் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் உலகுக்குக் காட்டினார். பொள்ளாச்சிப் பக்கத்தவரான ஸ்ரீராம் முரளி, ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் எடுத்த மின்மினிப் படத்துக்கு 2023இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் காட்டுயிர் ஒளிப்படப் போட்டியில் முதுகெலும்பிலிப் பிரிவின் முதற்பரிசு கிடைத்தது. ஒவ்வொன்றும் 19 செக்கன் கொண்ட 50 படங்களை அவர் அடுக்கினார்; ஏறத்தாழ 16 நிமிடத்தில் நடந்தது அந்த ஒரே படத்துக்குள் இருக்கிறது. 50ஐ 19ஆல் பெருக்கினால் 950 செக்கன் வருகிறது. 16 நிமிடத்துக்குப் பத்துச் செக்கன்தான் குறைவு. ஷட்டர் மூடிக் கிடந்த நேரம் ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். ஒரு தொழில்காரனுக்கு அந்தக் கணக்கே ஒரு பாடம். ஆனைமலையில் கோடைமழைக் காலத்தில் ஆண் மின்மினிகள் மரத்துக்கு மரம் ஒத்திசைந்து மின்னுகின்றன, அலைபோல. தம்பலகாமத்தில் அப்படி நான் கண்டதில்லை. இங்கே ஒவ்வொன்றும் தன் போக்கில் மின்னுகிறது. பறந்துகொண்டு மின்னுவது ஆண், புல்லில் இருந்து பதில் சொல்வது பெண். படத்தில் காற்றில் புள்ளி வரிசையாக வருவது முன்னது, நிலத்தோடு ஒட்டி ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுவது பின்னது. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது அந்த உரையாடலின் பாதியாவது கிடைத்துவிடுகிறது.

மின்மினியின் ஒளி மஞ்சள் கலந்த பச்சை. லூசிஃபெரின் என்ற பொருள் லூசிஃபெரேஸ் என்ற நொதியின் உதவியோடு ஒட்சிசனுடன் சேரும்போது சூடு இல்லாமல் பிறக்கும் ஒளி அது. கமராக்காரனுக்கு அதில் ஓர் அதிர்ஷ்டம். சாதாரணக் கமராக்களின் சென்சரில் உள்ள புள்ளிகளில் பாதிக்குப் பச்சை வடிகட்டிதான் போட்டிருக்கிறார்கள், சிவப்புக்கும் நீலத்துக்கும் கால் கால் பங்கு. இந்தச் சின்னப் பூச்சியின் ஒளி அந்தச் சென்சர் நன்றாகப் பார்க்கும் இடத்திலேயே விழுகிறது.

ஆனால் எங்கள் வெக்கையில் சென்சருக்குள்ளேயே பொய் மின்மினி பிறக்கும். மாரி இரவிலும் புழுக்கம் குறையாத ஊர் இது. நீண்ட நேரம் வேலை செய்து சூடேறிய சென்சரில் சில புள்ளிகள் தாமாகவே ஒளிரத் தொடங்கும், சிவப்பாக, நீலமாக, சிலவேளை பச்சையாகவும். அடுக்கும்போது கணினி அவற்றையும் மின்மினி என்றே எடுத்துக்கொள்ளும். பொய்ப்புள்ளி எல்லாப் படத்திலும் அதே இடத்தில் இருக்கும், அதன் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் கூராக இருக்கும். உண்மைப் புள்ளியின் ஓரம் மெத்தென்று கரையும். இரவின் முடிவில் லென்ஸை மூடிக்கொண்டு அதே நேர அளவில் சில இருட்டுப் படங்கள் எடுத்து, அவற்றில் தெரிகிறதை எல்லாம் மற்றப் படங்களிலிருந்து கழித்துவிடுவேன். சோம்பல்பட்டு இதை விடுகிறவர்களின் படங்களை எனக்குப் பார்த்தவுடன் தெரியும். அவற்றில் மின்மினி வானத்திலும் இருக்கும், மரத்தண்டுக்குள்ளும் இருக்கும்.

பிலிம் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. போர் நடந்த ஆண்டுகளில் இரவில் வயலுக்குப் போவது நினைத்தும் பார்க்க முடியாதது. வளவுக்குள் நின்று, கிணற்றடி வாழைகளுக்கு மேலே பறந்தவற்றை 400 வேகக் கறுப்பு வெள்ளை பிலிமில் எடுத்திருக்கிறேன். மங்கலான வெளிச்சத்தில் நேரம் நீள நீளப் பிலிமின் உணர்திறன் குறைந்துகொண்டே போகும். நட்சத்திரம் எடுக்கிறவர்களுக்கு அது பெரும் குறை. மின்மினிக்கு அதுவே வரம். மின்னல் கணநேரத்தில் வந்து போவதால் முழு வேகத்தில் பதிந்துவிடும். நெடுநேரம் சொட்டுச் சொட்டாக வரும் வான வெளிச்சம் மட்டும் பின்தங்கிவிடும். இன்று கணினியில் செய்கிற பிரிப்பில் ஒரு பங்கை அன்று பிலிமே செய்தது. அந்த நெகட்டிவ்களில் வாழை இலை தெரியாது, சுவர் தெரியாது. ஆனால் புள்ளிகள் இன்றைய சென்சரில் விழுவதைவிட அழகாக இருக்கின்றன.

இனி எனக்கு முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். அடுக்கிய படத்தில் நூற்றுக்கணக்கான மின்மினி தெரியும். அந்த வரம்பில் எந்த ஒரு கணத்திலும் அத்தனை இருந்ததில்லை. ஒரே பூச்சி இருபது நிமிடத்தில் முன்னும் பின்னும் பறந்து எத்தனையோ புள்ளிகளை இட்டிருக்கும். படத்தைப் பார்க்கிறவருக்கு அது தெரியாது. காடே தீப்பற்றியது போன்ற செழிப்பு என்று நினைத்துக்கொள்வார். மின்மினி குறைகிறதா என்று உலகமெங்கும் கேட்கத் தொடங்கியிருக்கும் காலம் இது. 2020இல் பல நாட்டு மின்மினி ஆய்வாளர்களிடம் கருத்துக் கேட்டு வெளிவந்த ஓர் ஆய்வு, வாழிட அழிவையும் இரவின் செயற்கை வெளிச்சத்தையும் பூச்சிகொல்லிகளையும் பெரிய ஆபத்துகளாக வரிசைப்படுத்தியது. இந்த நேரத்தில், இல்லாத செழிப்பை இருப்பதாகக் காட்டும் படத்தை ஒரு சொல் விளக்கமும் இல்லாமல் சுவரில் மாட்டுவது எனக்குத் தப்பாகவே படுகிறது. ஸ்ரீராம் முரளியின் படத்தோடு 50 படம், 19 செக்கன், 16 நிமிடம் என்ற விபரமும் சேர்ந்தே உலகைச் சுற்றியது. நானும் என் பிரிண்ட் ஒவ்வொன்றின் கீழும் எத்தனை படம், எத்தனை செக்கன், எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை என்று எழுதுகிறேன், முன்பக்கத்திலேயே, வாங்குகிறவர் வாசிக்கும்படி. படத்தின் மயக்கம் குறைந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். இருபது நிமிடம் ஒரு வயலோரத்தில் நடந்தது இது என்று தெரிந்த பிறகு அந்தப் படத்தை இன்னும் நெடுநேரம் நின்று பார்க்கிறவர்களையே நான் கண்டிருக்கிறேன்.

சரியான இடத்தை மட்டும் எழுதுவதில்லை. தம்பலகாமம் என்பேன், எந்த வாய்க்கால், எந்த வரம்பு என்று சொல்வதில்லை. படத்தைப் பார்த்துவிட்டு ஓட்டோவிலும் மோட்டார் சைக்கிளிலும் வருகிறவர்களின் முன்விளக்கும், கையில் உயர்த்திப் பிடிக்கிற போன் வெளிச்சமும் ஒரு பருவத்தில் செய்கிற கெடுதலை எந்தப் படமும் ஈடு செய்யாது. விளக்கு எரிகிற இடத்தில் ஆணின் மின்னல் பெண்ணுக்குத் தெரியாது. சில கிழமை ஆயுளில் வீணாகப் போகிற ஒவ்வொரு இரவும் பெரிய நட்டம். பெண் இடாத முட்டை அடுத்த மாரியில் பறக்காது.

இருட்டைக் காப்பதென்றால் விளக்கே வேண்டாம் என்பதல்ல. கிண்ணியாவுக்குப் பாலம் இல்லாமல் மிதவைப் பாதை ஓடிய காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரவில் நோயாளியை வைத்துக்கொண்டு துறையில் காத்துக் கிடந்தவர்களைக் கண்டவன் எவனும் 2009இல் திறந்த பாலத்தையோ அதன் விளக்குகளையோ குறை சொல்லமாட்டான். ஆனால் விளக்கின் தலையைக் கீழே பார்க்கத் திருப்பலாம். பக்கங்களை மறைக்கலாம். கண்ணைக் கூசும் வெள்ளைக்குப் பதில் மஞ்சள் நிறத்தைப் போடலாம். கண்டலையும் வயலையும் ஒட்டி வரும் தெருக்களில் இதைச் செய்வதற்குப் பெரிய காசு தேவையில்லை. றோட்டுக்கு வேண்டிய வெளிச்சம் றோட்டில் விழுந்தால் போதும்.

இருட்டு எவ்வளவு விரைவாகத் திரும்பும் என்பதை 2022இல் நாடே கண்டது. அந்த மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. பிள்ளைகள் மெழுகுதிரியில் படித்த, பெற்றோலுக்கு வரிசையில் இரவுகளைக் கழித்த அந்தக் காலத்தைக் கொண்டாட எனக்கு மனம் வராது. தம்பலகாமம் போக எரிபொருளும் இல்லை. வளவில் கமராவை வைத்தேன். நகரத்து நடுவில், பல வருடங்கள் மின்மினிக்காக நான் எட்டியும் பார்க்காத கிணற்றடியில், ஒரு படத்துக்கு ஒன்றிரண்டு என்று புள்ளிகள் விழுந்தன. அதற்கு முந்திய 2021இல் இரசாயனப் பசளையும் விவசாய இரசாயனங்களும் இறக்குமதி செய்யத் தடை வந்தது, அந்த வருட முடிவுக்கு முன்பே தளர்ந்தது. அந்தப் பெரும்போகத்தில் வரம்பில் மின்மினி கூடிவிட்டதென்று வயல்காரர்கள் சிலர் சொன்னார்கள். விளைச்சல் விழுந்து அவர்கள் பட்ட பாட்டையும் சேர்த்தே சொன்னார்கள். ஒரு போகத்தை வைத்து நான் முடிவு கட்டமாட்டேன். மழையும் ஒவ்வொரு வருடமும் ஒரே மாதிரி இல்லை.

முடிவு கட்ட வேண்டுமானால் எண்ண வேண்டும். அடுக்கிய படம் அதற்கு உதவாது. அடுக்குவதற்கு முன் இருக்கும் தனித்தனித் துண்டுகள்தான் உதவும். காவல் கொட்டில் ஐயாதான் இதை எனக்கு எடுத்துக் கொடுத்தவர். "இதில எத்தனை பூச்சி தம்பி?" என்று கேட்டார். அடுக்கிய படத்தைக் காட்டி என்னால் பதில் சொல்ல முடியவில்லை. துண்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினேன். ஒன்றில் ஐந்து புள்ளி, அடுத்ததில் எட்டு, பிறகு மூன்று. அவர் விரல் மடக்கிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து அடுக்கி முடித்ததும் துண்டுகளை அழிப்பதை நிறுத்திவிட்டேன். இப்போது ஒவ்வொரு மாரியிலும், அமாவாசையை ஒட்டிய இரவுகளில், அதே வரம்பில் அதே சிரட்டைத் தடத்தில் ட்ரைபொட்டை வைத்து, அதே லென்ஸ், அதே துவாரம், அதே ஐஎஸ்ஓ, அதே இருபது செக்கன் என்று மாற்றாமல் எடுக்கிறேன். புதுக் கமரா வாங்கினாலும் இந்த வேலைக்குப் பழையதுதான். ஒவ்வொரு துண்டிலும் உள்ள புள்ளிகளை எண்ணி, திகதி, மழை, மேகம், வரம்பில் மருந்து அடித்ததா இல்லையா என்பவற்றோடு ஒரு கொப்பியில் எழுதுகிறேன். மருந்து அடித்த நாளை ஐயா சொல்வார். பூச்சியியல் படிக்கிற பிள்ளை எவராவது வந்து கேட்டால் கொப்பியும் துண்டுகளும் அப்படியே கொடுக்கத் தயாராக இருக்கிறேன். அதுவரை என் மகள் எண்ணுவதில் உதவுகிறாள். பொய்ப்புள்ளியை என்னைவிட விரைவாகக் கண்டுபிடிக்கிறாள்.